விட்டுவந்த மலைகளின் சபைகளைத் தேடி

கோத்தகிரிக்கு அருகே உள்ள எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு வருவோரில் பாதிப்பேருக்கு மேல் இலங்கையில் பிறந்தவர்கள் அல்லது அப்படிப் பிறந்தவர்களின் பிள்ளைகள். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் மலைத் தோட்டங்களில் வாழ்ந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது, ஒரே வீட்டில் அண்ணன் அங்கும் தம்பி இங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. இங்கு வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968 முதல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. இன்று டான்டீ என்று நாம் சொல்லுவது அவற்றைத்தான். அவர்கள் விட்டுவந்த மலைகளில் இன்றும் இருக்கும் சபையாரோடு ஐக்கியம் கொள்ள வேண்டும் என்பது எங்கள் ஆயரின் நெடுநாள் விருப்பம்.

அதற்காக எங்கள் சபையிலிருந்து ஒரு குழுவாகப் புறப்பட்டோம். திருச்சியிலிருந்து விமானத்தில் கொழும்பு சென்று, மறுநாள் காலை கோட்டை நிலையத்தில் ரயில் ஏறி ஹட்டனில் இறங்கினோம். வழியெங்கும் தேயிலையும் இடையிடையே நிழல் மரங்களும் தெரிந்தன. நீலகிரிக்காரர்களான எங்களுக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை.

டிக்கோயாவில், காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி நிற்கும் வார்லி கிறிஸ்து ஆலயத்துக்கு முதலில் போனோம். 1878ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கற்கோயிலைச் சுற்றி, ஊட்டி ஸ்டீபன் ஆலயத்தைச் சுற்றி இருப்பதுபோலவே, ஆங்கிலேயரின் கல்லறைகள் இருக்கின்றன. ஆனால் தோட்டத் தொழிலாளரிடையே நற்செய்திப் பணி அதற்கு முன்பே, 1854இல், ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற பெயரில் தொடங்கிவிட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்களே தோட்டம் தோட்டமாக நடந்து அந்தப் பணியைச் செய்தார்கள். துரைமாரின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. அந்த உபதேசியார்களில் ஒருவரின் பெயரையும் நான் அங்கே காணவில்லை. அழகான ஆலயம்தான், ஆனால் நாங்கள் தேடிவந்தது அதுவன்று.

ஞாயிறன்று தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டச் சபை ஒன்றின் அறுப்பின் பண்டிகையில் கலந்துகொண்டோம். தகரக்கூரை வேய்ந்த சிறிய ஆலயம். பீடத்தின் முன் பூசணிக்காய், கோவா (முட்டைக்கோஸ்), லீக்ஸ், வாழைத்தார் ஆகியவற்றோடு ஒரு கூடை நிறையப் பச்சைத் தேயிலைக் கொழுந்தும் காணிக்கையாக வைக்கப்பட்டிருந்தது. திருவிருந்து முடிந்து, எங்களுக்குப் பொன்னாடை போர்த்தி, புகைப்படமும் எடுத்தார்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் திருச்சபைக் கூட்டங்கள் இதைத் தவறவிடுவதில்லை, இதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது என்பது என் மனக்குறை. ஆயினும் அன்று உண்மையான ஐக்கியம் அதன்பின் தொடங்கியது.

வாழ்த்துரை வழங்க எழுந்த ஒரு மூதாட்டி, எங்கள் குழுவில் வந்திருந்த ஓய்வுபெற்ற டான்டீ தொழிலாளியான அம்மாவைப் பார்த்து, “அக்கா, எங்க பெரியம்மா குடும்பம் எழுவத்திரெண்டுல தலைமன்னார்ல கப்பலேறிப் போச்சு, கூடலூர் பக்கம் கொழுந்து எடுக்கிறதாக் கேள்வி. பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார். அதன்பின் வாழ்த்துரை வழங்க எவரும் எழவில்லை. ஒவ்வொருவராக எழுந்து ஒரு பெயரையும், அந்தக் குடும்பம் புறப்பட்ட தோட்டத்தையும் சொன்னார்கள். மண்டபம் முகாமிலிருந்து எந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள் என்பது தெரிந்தவர்களும் இருந்தார்கள், சேரம்பாடி என்றும் நடுவட்டம் என்றும் ஊர்ப்பெயரை மட்டும் நினைவில் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். எங்களோடு வந்த அந்த டான்டீ அம்மா சிலரை அறிந்திருந்தார். ஒரு பெயரைக் கேட்டதும், அவர் இறந்து நாளாகிவிட்டது என்று சொல்ல நேர்ந்தது. அந்த இடத்திலேயே அந்தக் குடும்பத்தாருக்காக ஜெபித்தோம். செயலாளர் தம் குறிப்பேட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

மாலையில் தொழிலாளர் வரிசையாக வாழும் லயன் வீடுகளுக்கு அழைத்துச் சென்று பாலில்லாத சாயத் தேநீரும் ரொட்டியும் சம்பலும் தந்தார்கள். அதற்கு அடுத்த நாள் நுவரெலியாவில் 1852ஆம் ஆண்டின் பரிசுத்த திரித்துவ ஆலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். எங்கள் தென்னிந்தியத் திருச்சபைக்கு இலங்கையில் 1947 முதலே யாழ்ப்பாண ஆதீனம் (திருமண்டலம்) உண்டு. நாங்கள் சந்தித்த மலையகச் சபையாரோ இலங்கைத் திருச்சபையையும் மெதடிஸ்த திருச்சபையையும் சேர்ந்தவர்கள். அதிகாரபூர்வமான உறவு யாழ்ப்பாணத்தோடு, இரத்த உறவு ஹட்டனோடு என்பதால்தான் இத்தனை காலமும் எவரும் இவர்களைத் தேடிவரவில்லையோ என்று ரயிலில் பேசிக்கொண்டோம்.

ஊர் திரும்பியதும், குறிப்பேட்டிலிருந்த பெயர்கள் அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஆராதனை முடிவில் வாசிக்கப்பட்டன. கூடலூர், பந்தலூர் சேகரங்களுக்கும் ஆயர் அந்தப் பட்டியலை அனுப்பினார். இதுவரை இரண்டு குடும்பங்கள் கிடைத்திருக்கின்றன, அவர்கள் அலைபேசியில் பேசியும் விட்டார்கள். தலவாக்கலைச் சபையார் எங்கள் பண்டிகைக்கு வருவதாக எழுதியிருக்கிறார்கள். ஜூலையில் கூடலூர்ச் சாலையை நம்ப முடியாது என்பதால், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும்படி பதில் அனுப்பியிருக்கிறோம்.