சாகக் கிடந்த எஸ்டி கார்டிலிருந்து சர்வரை மீட்ட கதை

வீட்டில் சர்வராக ஓடும் குட்டிக் கணினி, ராஸ்பெரி பை 4, மறுபடி எழுந்துவிட்டது. விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல் ஓடுகிறது, புகைப்படங்கள் எல்லாம் பத்திரம்.

கெர்னல் லாகில் ஐ/ஓ எரர் (கார்டைப் படிக்க, எழுத முடியாத பிழை) கொட்ட ஆரம்பித்து, ரூட் பார்ட்டிஷன் ரீட்-ஒன்லிக்குப் போனதுமே மெஷினை நிறுத்திவிட்டேன். இந்த நிலையில் கார்டின் மேலேயே எஃப்எஸ்செக் (ஃபைல்சிஸ்டம் பிழை திருத்தும் கருவி) ஓட்டச் சொல்கிறவர்களை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அது எழுதும் கருவி. இருக்கிற மிச்சத்தையும் கெடுத்துவிடும். முதலில் இமேஜ், அதாவது முழு கார்டின் அச்சு நகல். பிறகுதான் வைத்தியம்.

பழுதான டிஸ்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூவை மைனஸ் என் (கெட்ட பகுதியைச் சுரண்டாதே) போட்டு ஓட்டி நல்ல பகுதியை அள்ளினேன். அடுத்து மைனஸ் டி (நேரடி வாசிப்பு), மைனஸ் ஆர் 3 (மூன்று முறை மறுமுயற்சி). ரீடர் நடுவே தொங்கினால் கழற்றிச் செருகி எது படித்தாயிற்று என்று குறித்து வைக்கும் அதே மேப் ஃபைலைக் கொடுத்தால் போதும், விட்ட இடத்திலிருந்து தொடரும். கடைசியில் சில கேபி மட்டும் அடம்பிடித்தது.

‘சில கேபிதானே’ என்று விட எனக்கு மனசு வரவில்லை. அது எந்த ஃபைலில் விழுந்திருக்கிறது என்று தெரிய வேண்டாமா? மேப் ஃபைலில் மைனஸ் குறி உள்ள (படிக்க முடியாத பகுதிகளின்) வரிகளை எடுத்தேன். ஹெக்ஸ் முகவரியை டெசிமலாக்கி, இரண்டாம் பார்ட்டிஷனின் தொடக்கத்தைக் கழிக்க வேண்டும். எனக்கு அது 532480-ஆவது செக்டர். 512-ஆல் பெருக்கினால் 27,26,29,760 பைட். கழித்து வந்ததை 4096-ஆல் வகுத்தால் இஎக்ஸ்டி4 பிளாக் எண். ஃபைல்சிஸ்டத்தை ஆராயும் டீபக்எஃப்எஸ்ஸில் ஐசெக் கட்டளையிடம் அதைக் கொடுத்தால் ஐநோடு (ஃபைலின் உள் எண்) வரும். ஐநோடை என்செக்கிடம் கொடுத்தால் ஃபைல் பெயரே வந்து நிற்கும். இமேஜில் எஃப்எஸ்செக் ஓட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். இவ்வளவு துல்லியமாகச் சேதத்தைத் தொட்டுக் காட்டும் வேலை வேறில்லை, பெருமையாகவே சொல்வேன்.

அடிபட்டவை பழைய ஜர்னல் லாக், ஒரு லைப்ரரி ஃபைல், பை-ஹோல் தன் க்வெரிகளைச் சேமிக்கும் எஃப்டிஎல் டேட்டாபேஸ். லாகை அழித்தேன். லைப்ரரிக்கு ஆப்ட் ரீஇன்ஸ்டால். டேட்டாபேஸை எஸ்க்யூலைட்டின் ரெகவர் கட்டளையால் கொட்டி, புது ஃபைலில் ஏற்றினேன். கொஞ்சம் பழைய க்வெரிகள்தான் போயின.

இனி கார்டே வேண்டாம் என்று சென்னை ரிச்சி தெருவில் சாட்டா எஸ்எஸ்டியும் யூஎஸ்பி அடாப்டரும் வாங்கினேன். கார்டுதான் வேண்டும் என்பவர்கள் கடையிலிருந்து வந்ததும் எஃப்3 என்ற சோதனைக் கருவியை ஓட்டிப் பாருங்கள். போலிக் கொள்ளளவு அப்போதே அம்பலமாகும். முழு இமேஜையும் எஸ்எஸ்டியில் அப்படியே எழுதியதால் பார்ட்-யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) மாறவில்லை, பூட் அமைப்பு இருக்கும் சிஎம்டிலைன் ஃபைலைத் தொடாமலே பூட் ஆகிவிட்டது. ஆனால் யூஏஎஸ்ஸில் (யூஎஸ்பி டிஸ்குகளுக்கான வேகமான முறை) அடாப்டர் அவ்வப்போது ரீசெட் ஆகிறது. அதற்கு அந்த முறையை அணைக்கும் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் க்விர்க்ஸ் வரியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது அடங்கியதும் பார்ட்டிஷனை விரித்து, ராத்திரி பேக்கப்புக்கு ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் போடப் போகிறேன்.