மக்கோரீஸ் ஒண்ணு இல்ல, ரெண்டு! டொமினிக்கன் ரிபப்ளிக்ல மேப்ப நம்பி பஸ் ஏறின கதை

நேத்து ராத்திரிதான் வீடு வந்து சேந்தோம், அழுக்குத்துணி இன்னும் பெட்டியிலேயே கெடக்கு, ஆனா இத எழுதிட்டுதான் மத்த வேலைன்னு உக்காந்துட்டேன். நாள் வாரியா, செலவோட எழுதறேன்னு போறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தேன். முயற்சி பண்றேன். அதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரரோட எக்செல் ஷீட்ட பத்தி கொட்டித் தீத்துக்கறேன்.

மனுஷன் ரெண்டு வாரம் ராத்திரி ராத்திரியா உக்காந்து, கரீபியன் கடல்ல இருக்கற டொமினிக்கன் ரிபப்ளிக்கோட 31 மாகாணத்தையும் வரிசையா போட்டு, அதுக்கு கீழ நேஷனல் டிஸ்ட்ரிக்ட்டுன்னு தலைநகரம் சான்டோ டொமிங்கோவுக்கு தனியா ஒரு வரி, ஆக மொத்தம் 32 வரி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர். ஆறு நாள்ல இன்னின்ன மாகாணம்னு பிளான். பாக்க கோலம் மாதிரி அழகாத்தான் இருந்துச்சு. பிரச்சனை என்னன்னா அந்த ஊர் பஸ்காரங்க யாரும் அந்த ஷீட்ட பாக்கல.

மொத அடி ஏர்போர்ட்லயே. ரூம் 'சான்டோ டொமிங்கோ'ன்னு போட்டிருந்தாங்க, ராத்திரிக்கு 32 டாலர், பழைய கோட்டை வீதியெல்லாம் இருக்கற சோனா கொலோனியல்ல இதே மாதிரி ரூம் 70 டாலர். நான்தான் புக் பண்ணேன், ஒத்துக்கறேன், வெல கம்மியா இருந்தா எனக்கு கண்ணு தெரியாது. டாக்ஸிக்காரர்கிட்ட 35 டாலர்னு பேசி ஏறினோம். அவர் நேரா சோனா கொலோனியலுக்கு போயி, அதே பேர்ல ஒரு தெருவுல நிறுத்திட்டு, எறங்குங்கன்னாரு. நம்பர் இல்ல. போன வாங்கி அட்ரஸ திரும்ப படிச்சாரு. "எஸ்தே" ன்னு ஒரு வார்த்தை. கிழக்கு! அது சான்டோ டொமிங்கோ எஸ்தே, ஒசாமா ஆத்துக்கு அந்தப் பக்கம், நாங்க ஏர்போர்ட்ல இருந்து வந்த வழியிலேயே தாண்டி வந்துட்டோம். திரும்ப பாலம் ஏறி போனதுக்கு இன்னொரு 20 டாலர் கேட்டாரு. ஏறும்போதே அட்ரஸ காட்டினோமேன்னா காதுலயே வாங்கல. 55 டாலர்! ரூம்ல மிச்சம் புடிச்சதுல பாதி அங்கயே போச்சு.

அப்புறம்தான் புரிஞ்சுது. சான்டோ டொமிங்கோன்னு பேர் ஒண்ணு, நிர்வாகம் ரெண்டு. 2001 வரைக்கும் மொத்தமும் நேஷனல் டிஸ்ட்ரிக்ட்டாதான் இருந்திருக்கு. அந்த வருஷம் ஒரு சட்டம் போட்டு, பழைய நகரமும் அத ஒட்டின பகுதியும் மட்டும் நேஷனல் டிஸ்ட்ரிக்ட், சுத்தி இருக்கற கிழக்கு, வடக்கு, மேற்கு எல்லாம் சான்டோ டொமிங்கோ மாகாணம்னு வெட்டிட்டாங்க. அந்த மாகாணத்துக்கு தலைநகர் எங்க 32 டாலர் ரூம் இருந்த சான்டோ டொமிங்கோ எஸ்தே. அதாவது சான்டோ டொமிங்கோ நகரத்தோட பழைய மையம் சான்டோ டொமிங்கோ மாகாணத்துல இல்ல! இத மொதல்லயே யாராவது சொல்லியிருந்தா எனக்கு 20 டாலர் மிச்சம். (கொலம்பஸ் பேர்ல சிலுவை வடிவத்துல 1992ல தொறந்த அந்த பெரிய கான்கிரீட் கட்டடம் இந்தப் பக்கம்தான் இருக்கு. போனோம். அவ்வளவு கான்கிரீட் எதுக்குன்னு எனக்கு புரியல.)

ரெண்டாவது நாள் சோனா கொலோனியல் சுத்தினதுதான், அத பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, விடுங்க.

மூணாவது நாள்தான் மெயின் படம். ஷீட்ல 'துவார்த்தே மாகாணம்'. நாடு வாங்கித் தந்த தலைவர்கள்ல முக்கியமான ஆள் ஹுவான் பாப்லோ துவார்த்தே, அவர் பேரு. காலைல பார்க்கே என்ரிகியோ கிட்ட போனோம், குவாகுவா எல்லாம் அங்கதான் நிக்கும், குவாகுவான்னா நம்ம மினி பஸ், 20 சீட்ல 30 பேர், நடுவுல மடக்கு சீட். இவரு ஒவ்வொருத்தர்கிட்டயா போயி "துவார்த்தே, துவார்த்தே"ங்கறாரு. ஒருத்தன் துவார்த்தே தெருவ காட்டறான். இன்னொருத்தன் துவார்த்தே பாலத்த காட்டறான். நாடு பூரா எல்லாத்துக்கும் துவார்த்தே பேருதான்! மாகாணத்து பேர சொல்லி எவனும் பஸ் ஓட்டல, ஊர் பேருதான். எஸ்பயாத்னு மாகாணம், பஸ்ல மோகா. வல்வெர்தே மாகாணம், பஸ்ல மாவோ. பெராவியா மாகாணம், பஸ்ல பானி. அது மாதிரி துவார்த்தேக்கு தலைநகர் சான் பிரான்சிஸ்கோ தெ மக்கோரீஸ். "ஏங்க, ஊர் பேர சொல்லுங்க"ன்னேன். இவரு முழுப் பேரையும் சொல்ல சோம்பேறித்தனப்பட்டு "மக்கோரீஸ்?"னு கேட்டாரு. அவ்வளவுதான், ஒரு கண்டக்டர் பையன் "மக்கோரீஸ் மக்கோரீஸ் மக்கோரீஸ்"னு கத்திக்கிட்டே எங்க பைய புடுங்கி உள்ள போட்டு, ரெண்டு நிமிஷத்துல வண்டி கெளம்பிடுச்சு.

பாட்டு சத்தம் காதக் கிழிக்குது, ஏசி நேரா என் தலைல. அரை மணி நேரத்துல பாத்தா வலது பக்கம் கடல். தென்னமரம். அழகா இருக்கேன்னு போட்டோ எடுத்தேன். வடக்க மலைப்பக்கம் போற வண்டிக்கு கடல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு அப்பகூட தோணல பாருங்க. அடுத்து ஒரு ஏர்போர்ட் போர்டு. "என்னங்க, இது நாம வந்து எறங்கின ஏர்போர்ட் இல்ல?" இவரு மேப்ப தொறந்தாரு, மூஞ்சி செத்துப்போச்சு. பக்கத்து சீட்ல ஒரு பெரியவர், பல வருஷம் நியூயார்க்ல வேலை பாத்துட்டு ஊருக்கே திரும்பிட்டாராம், இங்கிலீஷ் நல்லா பேசினாரு. விஷயத்த கேட்டு சிரிச்ச சிரிப்புல வண்டி மொத்தமும் திரும்பி பாத்துச்சு. இது சான் பெத்ரோ தெ மக்கோரீஸ் போற வண்டி. கிழக்க, கடலோரம். நாங்க போக வேண்டியது வடக்க. ரெண்டு மக்கோரீஸ், ரெண்டு மாகாணம், நடுவுல நூறு கிலோமீட்டருக்கு மேல.

எறங்கி திரும்பலாம்னா இவரு "பரவால்ல, சான் பெத்ரோவும் ஒரு மாகாணம்தானே, ஷீட்ல டிக் போட்டுக்கலாம்"ங்கறாரு! எனக்கு வந்த கோவத்துக்கு... சரி, பப்ளிக்ல வேணாம்.

அந்த பெரியவர்கிட்ட வழியெல்லாம் பேசிட்டு வந்ததுல ஒண்ணு தெளிவாச்சு. நான் கவர்னர்னா பெரிய ஆளு, ஓட்டு போட்டு வருவாங்கன்னு நெனச்சிருந்தேன். இல்லையாம். ஒவ்வொரு மாகாணத்துக்கும் கவர்னர ஜனாதிபதியே நியமிக்கறாரு, அவரோட ஆளா அங்க உக்காந்திருப்பாங்க. 2020ல அபினாதேர் ஜனாதிபதி ஆனதும் எல்லா மாகாணத்துக்கும் பொம்பளைங்களையே கவர்னரா போட்டாராம், இது எனக்கு புடிச்சுது. ஆனா குப்பை அள்ளலையா, தெரு விளக்கு எரியலையா, அதுக்கு கவர்னர்கிட்ட போயி பிரயோஜனம் இல்ல, ஓட்டு வாங்கி வர்ற மேயர், அல்கால்தேம்பாங்க, அவர் ஆபீஸ்லதான் போயி நிக்கணும். மாகாணத்துக்கு உண்மையான வெயிட்டு எங்கன்னா செனட்ல, அதாவது அவங்க பார்லிமென்ட்டோட மேல்சபைல. மாகாணத்துக்கு ஒரு செனட்டர், நேஷனல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஒண்ணு, மொத்தம் 32. இதுல கூத்து என்னன்னா சான்டோ டொமிங்கோ மாகாணத்துல 27 லட்சத்துக்கு மேல ஜனம், ஹைட்டி எல்லைல இருக்கற பெதெர்னாலெஸ்ல 30 ஆயிரத்துச் சொச்சம், ரெண்டுக்கும் ஆளுக்கு ஒரு செனட்டர்தான். மாகாணம் புதுசா பிரிச்சா செனட் சீட்டும் ஒண்ணு கூடும், அப்ப யாருக்குத்தான் பிரிக்க ஆசை வராது? 2000த்துல பெராவியால இருந்து சான் ஹோசே தெ ஒகோவாவ பிரிச்சாங்க, அடுத்த வருஷமே சான்டோ டொமிங்கோ.

இப்ப சாப்பாடு. வழி தப்பினதுக்கு கெடச்ச பரிசு இதுதான். பெரியவர் எறங்கும்போது கை காட்டின ஒரு சின்ன கடை, பிளாஸ்டிக் நாற்காலி, மெனு கெடையாது. தட்டுல என்ன வந்துச்சு தெரியுமா, பச்சைத் துவரைய தேங்காப்பால்ல போட்டு வடிக்காம பொங்கின சோறு! மோரோ தெ குவாந்துலெஸ். துவரையேதான், சத்தியமா. கூட பொரிச்ச மீன், வாழக்காய தட்டி ரெண்டு தடவ பொரிச்சது. அதுக்கு மேல அந்த அம்மா ஒரு கரண்டி அடிக்காந்தல சொரண்டி வச்சாங்க பாருங்க, கோன்கோன்னு பேரு, அத கேட்டு வாங்கி சாப்பிடறாங்க அந்த ஊர்ல. எங்க வீட்ல காந்தலுக்கு நானும் என் தம்பியும் அடிச்சுக்குவோம், இங்க நானும் இவரும். கடைசில யானிகேக்கேன்னு அப்பளம் மாதிரி விரிஞ்ச மைதா பொரி. இங்கிலீஷ் பேசற தீவுகள்ல இருந்து கரும்பு ஆலைக்கு வேலைக்கு வந்தவங்க கொண்டுவந்த ஜானி கேக், ஸ்பானிஷ் வாயில யானிகேக்கே ஆயிடுச்சு. ரெண்டு பேருக்கும் சேத்து 700 பெசோ, 12 டாலர்கூட இல்ல. பேஸ்பால் ஸ்டார் சாமி சோசா பொறந்த ஊர், தெருவுக்கு தெரு பேஸ்பால் பசங்க. போகவே போறதா இல்லாத ஊருதான் மொத்த டிரிப்லயும் எனக்கு புடிச்ச ஊரு.

நாலாவது நாள் முழுப் பேரையும் பேப்பர்ல எழுதி காட்டி சரியான பஸ் ஏறினோம். வழியில 'வியா அல்தாக்ராசியா'ன்னு போர்டு வந்ததும் இவரு "ஹே, லா அல்தாக்ராசியா மாகாணம் வந்துடுச்சு"ன்னாரு. அது புன்டா கானா இருக்கற கிழக்குக் கோடி! இது சான் கிறிஸ்தோபால் மாகாணத்துல ஒரு ஊரு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

சான் பிரான்சிஸ்கோல இருந்து சால்செதோ போறதுக்கு இன்னொரு குவாகுவா. அது எங்களுக்கு வேண்டிய மியூசியம் இருக்கற கோனுகோ வழியாத்தான் போகுது, எங்களுக்குத் தெரியல, தாண்டிட்டோம், திரும்பி வர மோட்டோகொஞ்சோ, அதாவது பைக் டாக்ஸி. ஆளுக்கு 50 பெசோன்னு சொன்னவன் எறங்கினதும் 150ங்கறான். சண்டை போட்டு 100ல முடிச்சேன், இன்னும் மனசு ஆறல.

ஆனா அந்த மியூசியம் வீட்டுக்குள்ள போனதும் இதெல்லாம் மறந்துபோச்சு. அப்ப நாட்ட ஆண்ட சர்வாதிகாரி ட்ருஹியோவ எதிர்த்து நின்ன மிராபால் சகோதரிகள் கடைசியா வாழ்ந்த வீடு. பாத்ரியா, மினெர்வா, மரியா தெரேசா, மூணு பேரையும் அவங்க டிரைவரையும் 1960 நவம்பர் 25ல ட்ருஹியோ ஆளுங்க அடிச்சுக் கொன்னு, வண்டிய பள்ளத்துல தள்ளி ஆக்ஸிடென்ட்டுன்னு சொன்னாங்க. சின்னவ மரியா தெரேசாவோட பின்னல, உயிரோட இருந்த அக்கா தெதே வெட்டி எடுத்து வச்சிருந்தாங்க, அது கண்ணாடிக்குள்ள இருக்கு. அதுக்கு முன்னாடி நின்னுட்டு எனக்கு பேச வரல. கொல்லப்பட்ட மூணு பேரோட பசங்களையும் தெதேதான் வளத்து, இந்த வீட்டையும் காப்பாத்தி, 2014லதான் போயிருக்காங்க.

இந்த ஆளு ட்ருஹியோ இருந்தப்ப தலைநகருக்கே தன் பேரு, சியுதாத் ட்ருஹியோ. தான் பொறந்த சான் கிறிஸ்தோபால் பக்கம் ட்ருஹியோ மாகாணம், தன் பட்டத்துக்கு பெனெஃபாக்தோர்னு ஒரு மாகாணம், நாகுவா பக்கம் அம்மா பேர்ல ஹூலியா மோலினா மாகாணம். 1961ல அவன் செத்ததும் எல்லாம் காலி. அம்மா பேர தூக்கிட்டு அங்க வச்சது மரியா த்ரினிதாத் சான்செஸ், நாட்டோட மொத கொடிய தச்சவங்கள்ல ஒருத்தி, 1845ல சுட்டுக் கொல்லப்பட்டவ. சால்செதோங்கற மாகாணத்த 2007ல எர்மானாஸ் மிராபால்னு மாத்தினாங்க, அதாவது மிராபால் சகோதரிகள்னே பேரு. மேப்ப வச்சு நான் திட்டின திட்டெல்லாம் இங்க மட்டும் வாபஸ். பஸ்ல மட்டும் சால்செதோன்னே கேளுங்க.

அஞ்சாவது, ஆறாவது நாள் மழை, ரூம், மங்கு. மசிச்ச வாழக்காய், மேல பொரிச்ச சீஸ். அவ்வளவுதான்.

டிக்கெட் தவிர ரெண்டு பேருக்கும் 640 டாலர் ஆச்சு, பிளான் போட்டது 550. பிளைட்ல இவரு ஷீட்ட தொறந்து டிக் எண்ணினாரு, ஏழு மாகாணமாம். பஸ் ஜன்னல்ல பாத்ததெல்லாம் கணக்குல வராதுன்னேன், அப்ப நாலு. நேஷனல் டிஸ்ட்ரிக்ட் மாகாணமே இல்ல, அதையும் எடுங்கன்னேன். இன்னைக்கு காலைல காபி குடிக்கும்போதுகூட முகம் தூக்கி வச்சுக்கிட்டு "அதுக்குத்தான் செனட்டர் இருக்காரே"ங்கறாரு.