எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்: போர்க்கால மலையக ஆலயங்களின் வரவேற்பு

"புதிதாக வந்திருப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று ஆராதனை முடியும்போது சொல்லிக் கைதட்டுவது பல சபைகளின் வழக்கம். இலங்கையின் வடக்கில் போர் நடந்த காலத்தில் (1983–2009), அங்கிருந்து அகதிகள் வந்து தங்கிய மலையகக் கிறிஸ்தவ ஆலயங்கள் முதலில் கைவிட வேண்டியிருந்தது இதைத்தான். வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் கண்டிக்கு வந்து, பஸ் மாறி ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ ஏறிய குடும்பத்தின் பெயரும் ஊரும் நூறு பேர் காதில் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் டவுன் முழுக்கத் தெரிந்துவிடும். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த பிறகு, அடையாள அட்டையில் வடக்கின் கிளிநொச்சி முகவரி இருந்தாலே ஒருவரை நிறுத்தி விசாரிக்கப் போதுமாக இருந்தது. அதனால் வாசலில் கைகூப்பி, "வாங்க, உட்காருங்க, தேத்தண்ணி குடிங்க" என்றால் போதும்.

தேத்தண்ணிக்கு அடுத்த வேலை பொலிஸ் பதிவு. அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்தபோது தங்குபவர்களின் விபரத்தைப் பொலிஸுக்குக் கொடுத்தாக வேண்டியிருந்தது. இரவில் வந்தவர்களை மறுநாள் காலையிலேயே அழைத்துப் போவது நல்லது. பிற்பகலில் போனால், பொறுப்பதிகாரி இல்லை, நாளைக்கு வாருங்கள் என்பார்கள். அந்த ஓர் இரவில் சுற்றிவளைப்பு (படையினர் இடத்தை வளைத்துச் சோதனையிடுவது) வந்தால் காட்டக் கையில் ஒன்றும் இராது. இளைஞர்களைத் தனியாக அனுப்பவே கூடாது. சிங்களம் தெரிந்த குருவானவரோ சபை மூப்பரோ கூடப் போகவேண்டும்.

அதிகம் பிழைப்பது பெயரில்தான். படிவம் சிங்களத்தில் நிரப்பப்படும். எழுதுபவர் தகப்பன் பெயரைச் சொந்தப் பெயராக்கிவிடுவார், முதலெழுத்தை மாற்றிவிடுவார். அடையாள அட்டையில் ஒன்று, பதிவில் இன்னொன்று என்றானால் அடுத்த சோதனைச் சாவடியில் அதுவே வழக்கு. அட்டையைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும். முத்திரை குத்திய படிவத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வந்தவரின் சட்டைப்பைக்கும் மற்றதை ஆலயக் கோப்புக்கும் கொடுக்கலாம். அட்டை தொலைந்தவருக்கு முதலில் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, பிறகு கிராம சேவகரின் கடிதம்.

ஆலயம் கொடுக்கும் கடிதத்தில் தெரிந்ததை மட்டும் எழுதவேண்டும். "இத்தனையாம் திகதியிலிருந்து எங்கள் மண்டபத்தில் தங்கியிருக்கிறார்" என்பது போதும். இரக்கப்பட்டு "பல வருடங்களாக நன்கு அறிவேன்" என்று ஒருவருக்கு எழுதி அது பொய்யென்று தெரிந்தால், அடுத்து வரும் பத்துப் பேரின் கடிதமும் வெறும் தாள்தான். ஆலயப் பதிவேட்டிலும் பெயர், வயது, வந்த நாள் போதும். மகன் எங்கே, அண்ணன் எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டு எழுதி வைத்தால், அந்தக் கொப்பி என்றைக்கு யார் கைக்குப் போகுமோ!

அடுத்தது இடம். அகதிகளுக்கான சர்வதேச அளவு ஆளுக்கு 3.5 சதுர மீற்றர். 30 அடிக்கு 20 அடி மண்டபத்தில் பதினைந்து பேர்தான் அடங்குவார்கள். அவர்களுக்கு ஆளுக்கு 15 லீற்றர் வீதம் நாளைக்கு 225 லீற்றர் தண்ணீர் வேண்டும், ஒரு பீப்பாய் போதாது. கழிப்பறை ஒன்று சமாளிக்கும், ஆனால் ஞாயிறு முடிந்ததும் பூட்டிச் சாவியைக் கொண்டுபோகும் பழக்கம் இருக்கிறதே, அதை விட வேண்டும்.

வடக்கின் வன்னிப் பகுதி வெயிலில் வாழ்ந்தவருக்கு நுவரெலியா ஜனவரி இரவு பெரிய தண்டனை. கிடைக்கிற கம்பளியையெல்லாம் மேலே போர்த்துவார்கள், குளிர் சீமெந்துத் தரையிலிருந்து முதுகில் ஏறும். கழுவிக் காயவைத்த உரச்சாக்கை இரண்டாகக் கிழித்து விரித்து, அதன்மேல் பாய், பாய்க்கு மேல் ஒரு கம்பளி, போர்த்த ஒன்று. சாக்கைக் கழுவாமல் விரித்தால் ஒட்டியிருக்கும் யூரியா ஈரத்தில் கரைந்து பிள்ளைகளின் தோலைக் கடிக்கும். கதவை அடைத்துக் கரிச்சட்டி மூட்டவே விடக்கூடாது. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆள் போய்விடும்.

வருகிறவர்களில் பெரும்பாலானோர் சைவ சமயத்தவர்கள். கம்பளியும் அரிசியும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கொடுத்தால், சோற்றுக்கு ஜெபம் என்ற பேச்சு வரும், அதில் நியாயமும் உண்டு. வாரநாளில் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையலாக இருக்கட்டும். மூன்று வேளையும் கோதுமை ரொட்டி மலையகத் தேயிலைத் தோட்டத்து மக்களுக்குப் பழக்கம், புட்டும் சோறும் உண்டவர்களுக்கு அது வயிற்றைப் பிடிக்கும்.

வடக்கிலிருந்து வருகிறவர் எல்லாரும் வடக்கத்தியர் அல்ல. 1977, 1981, 1983 கலவரங்களில் தோட்டங்களை விட்டு ஓடி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் நிறையப் பேர். பாட்டி இருந்த லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டை, தேடி வருவார்கள். அதில் ஒரு காம்பரா (அறை) பத்தடிக்குப் பன்னிரண்டடி, மேற்சொன்ன அளவின்படி மூன்று பேருக்கு, ஏற்கனவே ஆறு பேர் இருப்பார்கள். "சொந்தக்காரர் இருக்கிறார்களே" என்று ஆலயம் கைகழுவினால் இரண்டு மாதத்தில் இஸ்தோப்பில் (வீட்டுத் திண்ணையில்) சண்டை. அரிசியும் மண்ணெண்ணெயும் அந்த வீட்டுக்கும் சேர்த்துப் போகவேண்டும். அசல் யாழ்ப்பாணத்தவர் வந்தால் சிக்கல் வேறு. "தோட்டக்காட்டான்" என்ற, மலையகத் தமிழரை இழிவாகச் சொல்லும் சொல்லைக் கேட்டு வளர்ந்த சபையாரிடம் அவர் ஒதுங்க வந்திருக்கிறார். இரு தரப்புக்கும் அது தெரியும். இதற்குப் பிரசங்கம் உதவுவதில்லை. இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒரே அடுப்படியில் சமைத்தால் கொஞ்சம் இளகுகிறது.

வாடகைக்கு அறை கிடைத்து வெளியேறும் நாளில் புதிய முகவரியைப் பொலிஸில் பதிந்து, மண்டபப் பதிவிலிருந்து பெயரை வெட்டச் சொல்லவேண்டும். இதை மறப்பதுதான் வழமை. ஆறு மாதம் கழித்து இரவு பதினொரு மணிக்கு ஜீப் வந்து நின்று, பட்டியலில் பதினைந்து பேர், இங்கே நாலு பேர்தானே, மற்றவர்கள் எங்கே என்று கேட்கும்.