இருக்கம் தீவில் சயனோடைப்: வெயில் போதும், தண்ணீர்தான் வில்லன்

வெள்ளை வெள்ளையாக நின்றது, நீலம் நீலமாக நின்றது. இருக்கம் தீவு போட்டோ முகாமில் இந்த சீசனின் உருப்படியான வெற்றி இதுதான். சயனோடைப் என்றால் இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளின் மேல் நெகட்டிவை வைத்து, வெயிலில் காட்டி, தண்ணீரில் கழுவி எடுக்கிற நீலப் படம். போன சீசன் பிரிண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பலமுறை துவைத்த லுங்கி மாதிரி வெளுத்துக் கிடக்கின்றன. அதே கெமிக்கல், அதே தாள், அதே நெகட்டிவ். மாறியது கழுவிய தண்ணீர் மட்டும்தான்.

இடம் தெரியாதவர்களுக்கு: பழவேற்காடு ஏரிக்கு நடுவில் இருக்கிற தீவு. ஊர்ப்பேச்சு தமிழ், நிர்வாகம் ஆந்திராவின் தடா மண்டலம். பீமுனிவாரிபாளையம் படகுத்துறையில் ஏற வேண்டும். கேமரா சமாச்சாரத்தை இங்கே விரித்து எழுதப் போவதில்லை. விடியலில் ஏரித் தண்ணீர் அசையாமல் நிற்கும்போது வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி பில்டர் போட்டு லாங் எக்ஸ்போஷர், வெயில் ஏறியதும் வலை, படகு, பனைமரம் என்று கறுப்பு வெள்ளையில் நல்ல கான்ட்ராஸ்ட் உள்ள படங்கள், அவ்வளவுதான். டிரோன் மட்டும் கொண்டு வராதீர்கள். கிழக்கே தெரிவது ஸ்ரீஹரிகோட்டா.

பார்முலா வழக்கமான 25/10. ஏ கரைசலில் 100 மில்லிக்கு பெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், பி கரைசலில் 100 மில்லிக்கு பொட்டாசியம் பெர்ரிசயனைடு 10 கிராம், பூசுவதற்கு முன் சரிபாதி. ஏ4 தாளுக்கு பிரஷ்ஷில் 4 மில்லி தாராளம். பிரஷ்ஷில் இரும்புப் பட்டை இருக்கக் கூடாது. உப்புக் காற்றில் அது துருப்பிடித்து, பூசிய தாளெல்லாம் நீலப் புள்ளியாக விழும். மூங்கில் பிடி போட்ட தட்டையான ஹேக் பிரஷ் அல்லது ஸ்பாஞ்ச் பிரஷ்தான் இங்கே சரி. காயப்போடும் கிளிப்புக்கும் இதே விதி, மரக் கிளிப் மட்டும்.

இனி தண்ணீர். தீவுக்கு வருகிற புதுப் போட்டோக்காரர்கள் எல்லோரும் வெயிலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வெயில் பிரச்சினையே இல்லை. டிசம்பர், ஜனவரியிலும் காலை பத்து முதல் இரண்டு மணி வரை 4 மில்லிமீட்டர் கண்ணாடிக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பிரிண்டைக் கெடுப்பது அதற்கு அடுத்த ஐந்து நிமிடம்.

சயனோடைப்பின் நீலம் என்பது பிரஷ்யன் ப்ளூ. அமிலம் அதற்கு ஒன்றும் செய்யாது, காரம் ஆகவே ஆகாது. காரத் தண்ணீரில் அது உடைந்து, இரும்பு மஞ்சள் ஹைட்ராக்சைடாகத் தாளிலேயே தங்கிவிடும், மிச்சம் கரைந்து போய்விடும். ஏரித் தண்ணீரும் கரையோரத்து போர் தண்ணீரும் பைகார்பனேட் உள்ள தண்ணீர், பிஎச் 7-க்கு மேலே. கழுவும்போது நீலம் புகை மாதிரி டிரேயில் ஓடுவதைப் பார்த்து 'எக்ஸ்போஷர் பத்தவில்லை' என்று அடுத்த பிரிண்டுக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். ஷேடோ அடைத்துப் போகும், ஹைலைட் சாம்பல் பூக்கும், நீலம் மறுபடியும் ஓடும். நோய் ஒன்று, மருந்து வேறொன்று.

உப்பினால்தான் நீலம் போகிறது என்பது பரவலான நம்பிக்கை. சாதாரண உப்பு நேரடியாக நீலத்தை அழிப்பதில்லை. அது செய்கிற கேடு வேறு: தாளில் தங்கி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பிரிண்ட் எப்போதும் பிசுபிசு என்றிருக்கும், ஆல்பத்தில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இன்னொன்று, சில போர் தண்ணீரில் இரும்பே கலந்து வரும். வெள்ளைப் பகுதியில் டீக்கறை மாதிரி வருவது பெரும்பாலும் அதுதான்.

மஞ்சள் தடவிய தாளை வைத்து காரம் பார்க்கலாம் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. நம்ப வேண்டாம். மஞ்சள் சிவப்பதற்கு பிஎச் 8 தாண்ட வேண்டும், நீலத்துக்குச் சேதம் அதற்கு முன்பே தொடங்கிவிடும். மீன் தொட்டிக் கடையில் பிஎச் ஸ்ட்ரிப் கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள். தடாவிலோ ஆரம்பாக்கத்திலோ ஏற்றுகிற 20 லிட்டர் கேன் தண்ணீர் ஆர்ஓ தண்ணீர்தான், ஸ்ட்ரிப்பில் பெரும்பாலும் 7-க்குச் சற்றுக் கீழே காட்டும். சயனோடைப்புக்கு அது போதும். சில கம்பெனிகள் மினரல் திரும்பச் சேர்க்கிறார்கள், அதனால் கேனைத் திறந்ததும் ஒரு ஸ்ட்ரிப் நனைத்துப் பாருங்கள்.

கேனைப் படகில் ஏற்றி இறக்குவது லேசான வேலையில்லை. ஒரு கேனில் இருபத்துநான்கு ஏ4 பிரிண்ட் கழுவும் முறை இது. மூன்று டிரே. முதல் டிரேயில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சிட்ரிக் ஆசிட், அதாவது தலை தட்டிய இரண்டு டீஸ்பூன். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டாலே கொடுப்பார்கள். எட்டு பிரிண்டுக்கு ஒருமுறை இதைப் புதிதாகக் கலக்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது டிரேயில் ஒன்றரை லிட்டர் வெறும் கேன் தண்ணீர். நான்கு பிரிண்ட் ஆனதும் இரண்டாவதைக் கொட்டிவிட்டு மூன்றாவதை அந்த இடத்துக்கு நகர்த்தி, மூன்றாவதில் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கூட்டிப் பார்த்தால் பதின்மூன்றரை லிட்டர். மிச்சம் பிரஷ் கழுவ, கை கழுவ. கொட்டிய தண்ணீர் வேறு கேனில் கரைக்குத் திரும்பும். ஏரி பறவைகள் சரணாலயம், அதில் ஊற்றக் கூடாது.

முதல் டிரேயில் தாளைப் போடும் விதத்தில்தான் பாதி வித்தை. முகம் கீழே பார்க்க, ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து இறக்க வேண்டும். முகம் மேலே பார்த்தால் கழன்று வருகிற மஞ்சள்பச்சைக் கரைசல் தாளின் மேலேயே தேங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஹைலைட்டுக்குள் இறங்கும். கீழே பார்த்தால் அது டிரேயின் அடிக்குப் போய்விடும். முதல் அரை நிமிடம் டிரேயை விடாமல் ஆட்டுங்கள். காற்றுக் குமிழ் ஒட்டிய இடத்தில் வட்டம் வட்டமாகக் கறை நிற்கும், அதனால் ஒருமுறை தூக்கி மறுபடி இறக்குங்கள். இரண்டு நிமிடத்தில் இரண்டாவது டிரே, அங்கே மூன்று நிமிடம், கடைசியில் இன்னொரு மூன்று. தாளைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிராகப் பின்பக்கம் பாருங்கள். எங்காவது மஞ்சள் தெரிந்தால் கழுவியது போதாது, அது நாளை பகல் வெளிச்சத்தில் நீலமாக மாறி வெள்ளையைக் கெடுக்கும்.

சிட்ரிக் குளியலுக்கு ஒரு விலை உண்டு: கான்ட்ராஸ்ட் குறையும். வெறும் தண்ணீரில் கழுவினால் ஓடிப்போகிற மெல்லிய டோன்கள் எல்லாம் தாளிலேயே நிற்பதால் படம் ஒரு படி அடர்த்தியாக வரும். அதனால் பன்னிரண்டு நிமிடம் கொடுத்த நெகட்டிவுக்கு இப்போது எட்டு, ஒன்பது போதுகிறது. நெகட்டிவின் டோனைச் சரிசெய்யப் போட்ட பழைய கர்வ் அப்படியே ஒத்துவராது, 21 படி வெட்ஜ் (வெளிச்சத்திலிருந்து இருட்டு வரை 21 படி உள்ள சோதனைப் பட்டை) வைத்து மறுபடி எடுங்கள். அமிலம்தானே என்று பாத்ரூம் ஆசிட் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். பெர்ரிசயனைடோடு வலுவான அமிலம் சேர்ந்தால் விஷ வாயு வரலாம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு டிரே தீவில் தண்டம். நீலம் உடனே கறுத்துக் கண்ணுக்கு விருந்தாக இருக்கும், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் காற்றுப் பட்டாலே ஒரு நாளில் அதே அடர்த்திக்கு வந்துவிடுகிறது. இன்னொரு டிரேக்குத் தண்ணீர் யார் சுமப்பது?

அடுத்த எதிரி ஈரக் காற்று. பூசிய தாள் நன்றாகக் காயாவிட்டால் இருட்டிலேயே தானாகப் பச்சை தட்டிவிடும். ராத்திரி பூசி, காலையில் எடுக்கலாம் என்ற கணக்கு ஊரில் நடக்கும், ஏரிக்கு நடுவில் நடக்காது. காலை எட்டு மணிக்குப் பூசி, மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் காயவைத்து, மதியத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஹேர் டிரையர் என்றால் குளிர்க் காற்று மட்டும், சூடு அதிகமானாலும் பச்சை தட்டும். தாளின் பின்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. சில்லென்றிருக்கும் தாளின் மேல் இங்க்ஜெட் நெகட்டிவை வைத்தால் மை தாளில் ஒட்டி, நெகட்டிவும் போச்சு, பிரிண்டும் போச்சு. நடுவில் மெல்லிய பிபி பிளாஸ்டிக் ஷீட் ஒன்று வைத்துவிட்டால் நிம்மதி. ஷார்ப்னஸ் கடுகளவு குறையும், பரவாயில்லை.

நெகட்டிவ் இல்லாமல், பொருளையே தாளின் மேல் வைத்து போட்டோகிராம் செய்கிறவர்கள் கரையோர உமரிச் செடியை ஆசையாகப் பறித்து வருகிறார்கள். அதன் தண்டு முழுக்க உப்புச் சாறு. கண்ணாடி அமுக்கியதும் சாறு கசிந்து, பூச்சைக் கரைத்துக் கொண்டு போகும். ஒரு நாள் பழைய பேப்பருக்கு நடுவே அமுக்கி வைத்துப் பிறகு பயன்படுத்துங்கள். இதைவிட அழகு கிழிந்த நைலான் வலைத் துண்டு, ஒவ்வொரு முடிச்சும் தெளிவாக விழும். 1843-இல் இங்கிலாந்துத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடல்பாசிகளை வைத்துச் செய்ததும் இதே வேலைதான், விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் சயனோடைப்பைக் கண்டுபிடித்த மறுவருடமே.

தாள் விஷயத்தில் ஒரு புலம்பல். கடையில் கிடைக்கிற வாட்டர்கலர் தாளில் பெரும்பாலானவற்றில் கால்சியம் கார்பனேட் கலந்திருக்கிறது. தாள் ரொம்ப நாள் மஞ்சளாகாமல் இருக்க அது நல்லது, நீலத்துக்கு எமன். கேன் தண்ணீரில் கழுவினாலும் காரம் தாளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அட்டையில் 'ஆசிட் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் நமக்கு அது எச்சரிக்கைதான். 10 சதவீத சல்பாமிக் ஆசிடில் குமிழ் அடங்கும் வரை, இருபது நிமிடம் வரை ஊறவைத்து, அலசி, காயவைத்த பிறகு பூசலாம். இந்த வேலையை ஊரிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். ஹானமூலே பிளாட்டினம் ராக் கார்பனேட் இல்லாமல் வருகிற தாள், ஆனால் விலை பர்ஸைக் கடிக்கும்.

கெமிக்கலுக்குச் சென்னைப் பாரிமுனைக் கடைகள்தான். பெர்ரிசயனைடு கேட்டால் அவசரத்தில் பெர்ரோசயனைடு டப்பாவைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள், கடையிலேயே மூடியைத் திறந்து பாருங்கள். ஆரஞ்சுச் சிவப்புப் படிகம் என்றால் சரி. வெளிர் மஞ்சள் என்றால் தவறான டப்பா, ஏ கரைசலோடு கலந்த அடுத்த நொடியே பாட்டிலுக்குள் நீலம் கட்டிவிடும். அம்மோனியம் சிட்ரேட்டில் பச்சை ரகம் கேளுங்கள், பழுப்பு ரகம் மந்தம். கரைத்து வைத்தால் நம் ஊர் வெக்கைக்குச் சில வாரத்தில் மேலே பூஞ்சை ஆடை கட்டும். வடிகட்டினால் ஓடும், ஆனாலும் முகாமுக்குத் தூளாக எடுத்துப்போய் அங்கேயே கரைப்பது மேல்.

இப்போது மனசு டோனிங் பக்கம், அதாவது நீலத்தை வேறு நிறமாக மாற்றுகிற வேலை பக்கம் போய்விட்டது. எல்லோரும் டீத்தூள் போடுகிறார்கள். இங்கிருந்து எட்டும் தூரத்தில் ஸ்ரீகாளஹஸ்தி இருக்கும்போது டீத்தூள் எதற்கு? கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைத்து, துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் புளித்த நீரால் கோடு போடுகிறார்கள். கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்து கறுப்பாகிறது. சயனோடைப்பிலும் இரும்பு இருக்கிறதே.

தாள் பட்டைகளில் போட்டுப் பார்த்த அளவு: கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் 20 கிராம், ஒரு லிட்டர் வெந்நீரில் போட்டு, ஆறியதும் துணியில் வடிகட்டியது. அதற்கு முன் பிரிண்டை லிட்டருக்கு அரை டீஸ்பூன் சலவை சோடா போட்ட தண்ணீரில் சில நொடி நனைக்க வேண்டும். நீலம் ஊதாவாகி, பிறகு மஞ்சளாக வெளுக்கும். ஏரித் தண்ணீர் மெதுவாகச் செய்த அதே சேட்டைதான், இங்கே தெரிந்தே செய்கிறோம். ஊதாவிலேயே எடுத்து, நன்றாக அலசி, கடுக்காய் நீரில் அரை மணி நேரம் விட்டால் நீலக்கறுப்பு. முழுக்க வெளுக்கவிட்டுப் போட்டால் பழுப்புக் கறுப்பு. வெள்ளைப் பகுதியில் இளமஞ்சள் ஏறும், டீயின் கறையை விட அது எவ்வளவோ தேவலை.

துணியில்தான் இன்னும் வேலை பாக்கி. கலம்காரிக்குத் தயார் செய்த துணியை வாங்கி நேரே பூசலாம் என்று நினைக்காதீர்கள், அதில் ஏற்கெனவே கடுக்காய் இருப்பதால் பூசிய இடமெல்லாம் உடனே கறுத்துவிடும். கஞ்சி போகக் கொதிக்கவைத்த பழைய வேட்டித் துணியில் பூசி, எக்ஸ்போஸ் செய்து, கழுவி, கடைசியில்தான் கடுக்காய். ஏ4 அளவுத் துணி தாளைப் போல இரண்டு பங்கு கரைசல் குடிக்கிறது. துவைக்க சோப்புத்தூள் ஆகாது, அதுவும் காரம். பூந்திக்கொட்டை நீர் சற்று அமிலம் என்பதால் அதில் ஒரு துண்டு ஊறிக்கொண்டிருக்கிறது. நிறம் நின்றால் அடுத்த முகாமுக்கு முழு வேட்டி அளவில் வலை போட்டோகிராம் ஒன்று போடலாம். அதற்கு முன் அந்த அளவுக்கு ஒரு கண்ணாடி தேட வேண்டும், படகில் உடையாமல் வருகிற கண்ணாடி.