காற்று எந்தப் பக்கம் போகணும்? நாகர்கோவில் பக்கம் ஜீன் தெரபி லேப் கட்டிய அனுபவம்

நாகர்கோவிலில் இருந்து ராஜாக்கமங்கலம் போகும் வழியில் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தை, ஜீன் தெரபி (கெட்டுப்போன ஜீனுக்குப் பதிலாகச் சரியான ஜீனை உடம்புக்குள் கொடுக்கும் சிகிச்சை) ஆராய்ச்சிக்கான சின்ன லேபாக மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஜீனைச் சுமந்து போகும் வண்டி மாதிரிப் பயன்படும் ஏஏவி என்ற சின்ன வைரஸுக்குள் சரியான ஜீனை வைத்து, அதை லேபில் வளர்க்கும் ஹெச்இகே 293 என்ற மனித செல்களில் உற்பத்தி செய்து எடுப்பதுதான் வேலை. என் மாமா மகனுக்கு ஹீமோபிலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத பிறவி நோய். வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோபிலியா ஏ உள்ள 5 பேருக்கு லென்டிவைரஸ் என்ற இன்னொரு வகை வைரஸ் வழியாக ஜீன் சிகிச்சை கொடுத்த முடிவு 2024 டிசம்பரில் வெளிவந்தபோது, வீட்டில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினோம். அதனால் இது எனக்கு வெறும் கட்டட வேலை இல்லை.

முதலில் வரைபடம் போட்ட ஒப்பந்தக்காரர் ஆபரேஷன் தியேட்டர் கட்டிப் பழகியவர். எல்லா அறையிலும் அழுத்தத்தை வெளியைவிடக் கூட்டி வைத்திருந்தார். தியேட்டருக்கு அது சரி, தூசி உள்ளே வராது. ஆனால் வைரஸ் அறையில் அப்படி வைத்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் காற்று காரிடாருக்கு வந்துவிடும், அழுத்தத்தைக் குறைத்தாலோ காரிடார் தூசி உள்ளே போய்ச் செல்கள் கெட்டுப்போகும். இந்த முடிச்சு அவிழ எனக்கு மூன்று வாரம் ஆனது. வைரஸ் அறைக்கும் காரிடாருக்கும் நடுவில் ஒரு இடை அறை போட்டு, அதில் மட்டும் இரண்டு பக்கத்தையும் விட 15 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) அழுத்தம் கூட வைத்தோம். காற்று அங்கிருந்து இரு பக்கமும் தள்ளிக்கொண்டே இருக்கும், தூசியும் போகாது வைரஸும் வராது. ஒரு கதவு மூடினால்தான் மற்றது திறக்கும்.

வைரஸைச் செய்யத் தேவையான பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏவுக்காக ஈ.கோலை பாக்டீரியாவை வளர்க்கும் அறையை, அந்த பாக்டீரியா செல்களுக்குள் வந்துவிடாதபடி கட்டடத்தின் மறு கோடிக்குக் கொண்டுபோய், அதற்குக் காற்றைக் குளிர்வித்து அனுப்பும் தனி ஏர் ஹேண்ட்லரும் வைத்தோம். இதில் தயவுசெய்து காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

செலவு எகிறியது ஈரத்தில்தான். வைரஸ் அறைக் காற்றைத் திரும்பச் சுற்ற விடாமல் நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வழியாக முழுசாக வெளியேற்றுகிறோம். அப்படியென்றால் எந்நேரமும் புதுக் காற்றை இழுத்து, குளிர்வித்து, ஈரத்தை எடுத்து, மறுபடி லேசாகச் சூடாக்கி உள்ளே விட வேண்டும். ஒப்பந்தக்காரரின் கூலிங் கணக்கு கோயம்புத்தூர் காற்றுக்குப் போட்டது. நம் மாவட்டத்தில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, மிச்ச நாளெல்லாம் கடல்காற்று. கணக்கைத் திரும்பப் போட்டு, வெளி யூனிட்டின் காயிலுக்கு உப்புக்காற்றைத் தாங்கும் பூச்சும் கேட்டு வாங்கினோம்.

அனுமதிக்கு நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு, 2017-இல் வந்த டிபிடி (மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை) வழிகாட்டி என்று போனது. தாள் வேலைதான், பொறுமை இருந்தால் முடியும்.

அப்புறம் மின்வெட்டு. வெளியேற்றும் ஃபேன் நின்று உள்ளே தள்ளும் ஃபேன் மட்டும் ஓடினால் வைரஸ் அறையில் அழுத்தம் ஏறிவிடும். அதனால் முதலாவது நின்றால் இரண்டாவதும் தானாக நிற்கும்படி இணைத்து, மெயினை அணைத்து அணைத்துச் சோதித்தோம்.

கடைசியாகக் கதவு இடுக்கில் புகைக் குச்சியைப் பிடித்துப் பார்த்தோம். இடை அறையில் விட்ட புகை வைரஸ் அறைப் பக்கமும் காரிடார் பக்கமும் அழகாகப் பிரிந்து போனது. ஏசி மெக்கானிக் அண்ணன், “இன்னொரு தடவை காட்டுங்க சார்” என்றார். ஆறு தடவை காட்டினோம்.