காரியோனில் ஒரு ஞாயிறு: பையும் வரவில்லை, கடையும் திறக்கவில்லை

ஸ்பெயினில் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலாவுக்குப் போகும் நடை யாத்திரை வழியான கமினோ பிரான்சேஸை முழுதாக நடக்கிற யாரும் காரியோன் தே லோஸ் கொந்தேஸ் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஃப்ரோமிஸ்தா என்ற ஊரிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர். மேடு பள்ளம் இல்லாத வழி, சிரமமில்லை. சிக்கல் ஊருக்குள் நுழைந்த பிறகுதான்.

குதிகால் கொப்புளம் உடைந்திருந்ததால் அன்று பையைச் சுமக்காமல், பைகளை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும் வண்டியில் அனுப்பியிருந்தேன். முறை இதுதான்: உறையில் பணம் போட்டு, பெயரும் இரவு தங்கும் இடமும் எழுதிப் பையில் கட்டிவிட வேண்டும். தேவாலயம் நடத்தும் ஒரு அல்பேர்கேயின் (யாத்ரீகர் விடுதியின்) பெயரைச் சொன்னபோது வண்டி நிறுவனத்தார் சரி என்றுதான் சொன்னார்கள். மதியம் அங்கே போய்க் கேட்டால், வண்டியில் வரும் பைகளை அவர்கள் வாங்குவதே இல்லையாம்! ஓட்டுநர் எங்கே இறக்கினார் என்று யாருக்கும் தெரியவில்லை. நிறுவனத்துக்கு ஃபோன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அனுப்புவதற்கு முன் விடுதியையே கேட்டுவிடுங்கள். தேவாலயம், நகராட்சி நடத்தும் பல விடுதிகளில் இதுதான் வழக்கம்.

பாஸ்போர்ட்டும், விடுதிகளில் காட்ட வேண்டிய யாத்ரீகர் அட்டையான க்ரெடென்சியலும் இடுப்புப் பையில் இருந்ததால் படுக்கையாவது கிடைத்தது. மாத்திரையையும் அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது தொலைந்த பைக்குள் இருந்தது. மருந்துக்கடை மூடியிருந்தால் கதவில் ஒட்டிய தாளைப் பாருங்கள், அன்று எந்தக் கடை முறைக்குத் திறந்திருக்கும் என்று போட்டிருக்கும். அது பக்கத்து ஊராகக்கூட இருக்கலாம்.

அப்புறம் வெயிலில் நொண்டிக்கொண்டே ஒவ்வொரு பாராக ஏறி இறங்கினேன். சியெஸ்தா என்னும் மதிய ஓய்வு நேரம், தெருவில் ஆள் இல்லை. கடைசியில் ஒரு பாரில் என் ஃபோனில் இருந்த படத்தைப் பார்த்த அம்மா, பேசாமல் உள்ளே போய் பியர் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து பையை இழுத்து வந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தத் தெம்பில்தான் காரியோனில் உள்ள சாந்தியாகோ தேவாலயத்தின் முகப்பை நிமிர்ந்து பார்க்க முடிந்தது. 1811 போரில் தேவாலயம் எரிந்தும் முகப்புச் சிற்பங்கள் தப்பின. நடுவில் கிறிஸ்து, கீழே வாயில் வளைவில் தொழில் செய்யும் சாதாரண மனிதர்கள். அவசரமாகக் கடந்து போகாதீர்கள்.

அடுத்த கவலை சாப்பாடு. மறுநாள் வழி கால்சாதில்யா தே லா குவேசா வரை 17 கிலோமீட்டர். இடையில் ஓர் ஊர்கூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மளிகைக் கடைகள் பூட்டிக் கிடந்தன. அதே பார் அம்மாவிடம் கேட்டேன். உருளைக்கிழங்கு ஆம்லெட்டை ரொட்டிக்குள் வைத்து அலுமினியத் தாளில் சுற்றி, கூடவே ஒரு ஆரஞ்சும் கொடுத்தார். ஆரஞ்சுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். ஞாயிறன்று வருகிறவர்கள் கடையைத் தேடி அலைய வேண்டாம், பாரிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

தண்ணீர் இரண்டு லிட்டராவது எடுங்கள், விடிவதற்குள் கிளம்புங்கள். பழைய ரோமானியச் சாலையின் தடத்தில் நேர்கோடாகப் போகும் சரளைப் பாதை, நிழல் மிகக் குறைவு. கால்சாதில்யா பள்ளத்தில் இருப்பதால் கிட்டப் போகும்வரை கண்ணுக்குத் தெரியாது. வழி தவறிவிட்டோமோ என்று பயந்து திரும்பிவிடாதீர்கள், நேராக நடந்துகொண்டே இருங்கள்.