சாளைப் புளிமுளமும் சி.ஆர்.பி. அறிக்கையும்

முடக்குவாதம் என்று உறுதியானபோது, உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தச் சோதனைகளில் எனக்கு சி.ஆர்.பி. 28, இ.எஸ்.ஆர். 64; இரண்டுமே அதிகம். முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்க உதவும் ஆன்டி சி.சி.பி. சோதனையும் பாசிட்டிவ். காலையில் எழுந்தால் விரல் மடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாகர்கோவில் பக்கம் தேங்காய் திருவாமல் சமையல் கிடையாது. எனக்கோ அரைமூடித் தேங்காயைப் பிடித்துத் திருப்பவே கை வராது. டாக்டர் வாரம் ஒருமுறை, நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, கூடவே ஃபோலிக் ஆசிட் எழுதினார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "மாத்திரையை நிறுத்தாதீங்க, எடையைக் குறைங்க, பொரிச்சதை விடுங்க" என்றதோடு சரி. மீதியை நானே தேடிப் படித்தேன்.

முடக்குவாதம் ஓர் அழற்சி நோய். வெட்டுக்காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்குவதும் அழற்சிதான். அது வேலை முடிந்ததும் அடங்கிவிடும். என்னுடையது அடங்காதது: நோய் எதிர்ப்பு அணுக்கள் மூட்டுச் சவ்வையே தாக்குகின்றன. அப்போது சுரக்கும் இன்டர்லூகின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்கள் ரத்தத்தில் கலந்து ஈரலைத் தூண்ட, அது சி.ஆர்.பி.யை உண்டாக்குகிறது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் இதே இன்டர்லூகின்-6ஐச் சுரக்கும். டாக்டர் எடையைப் பிடித்துக்கொண்டது அதனால்தான்.

சொந்தக்காரர்கள் யோசனைக்கு மட்டும் பஞ்சமில்லை. முடக்கத்தான் தோசை, மஞ்சள் பால், கருஞ்சீரகத் தண்ணீர் என்று ஆளுக்கொன்று. கவனித்தால், எல்லாமே சேர்க்கச் சொல்வதுதான். எதையாவது விடச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அழற்சியைத் தணிப்பதாகச் சொல்லப்படும் குர்குமின் என்ற பொருள் அதில் ஏறக்குறைய 3 சதவீதம்தான். அதுவும் குடலில் எளிதில் உறிஞ்சப்படாது. நல்லமிளகு சேர்ந்தால் சற்றுக் கூடும். குழம்பில் போடும் மஞ்சள் போதும் என்று விட்டுவிட்டேன். குர்குமின் மாத்திரையை டாக்டரே வேண்டாம் என்றார். மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் ஈரலை அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும். செறிவான மஞ்சள் மாத்திரையால் சிலருக்கு ஈரல் கெட்டதாகவும் பதிவுகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொள்வானேன்?

நான் முதலில் கைவைத்தது சாயங்காலத்தில். எங்கள் ஊர் டீக்கடையில் நாலு மணிக்கு ரசவடை வரும்; அப்புறம் ஏத்தன்காய் சிப்ஸ், இரண்டு சீனி டீ. ராத்திரி பல நாள் பரோட்டா. இவற்றை நிறுத்துவதுதான் உண்மையில் கஷ்டம். சிறுதானியம் வாங்குவது சுலபம், யாரும் வாங்கலாம். ரசவடையை அடியோடு விடவில்லை; எப்போதாவது ஒன்று. டீயில் சீனி போயிற்று. நாலு மணிக்கு அவித்த பயறு அல்லது நிலக்கடலை.

தட்டில் சோற்றைக் குறைத்து, வெள்ளை அரிசிக்குப் பதில் சிவப்புச் சம்பா அரிசிக்கு மாறினேன். அந்த இடத்தில் பருப்பும் கீரைத் துவரனும் வந்தன. நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கும்போது பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. குடல் சுவரைக் காக்கவும் அழற்சியைத் தணிக்கவும் அவை உதவுகின்றன. முதல் வாரம் வயிறு உப்பிக் கிடந்தது. நிதானமாகக் கூட்டினால் இந்தத் தொல்லை குறையும்.

மீன் எங்களுக்குப் புதிதல்ல, ஆனால் எப்போதும் பொரித்துத்தான். வாசலில் மீன் கொண்டுவரும் அக்காவிடம் நெய்மீன் கேட்டால், "சாளையை எடு மக்ளே, நெய்யிருக்கு" என்பார். உண்மைதான்: அழற்சியைத் தணிக்க உதவும் ஒமேகா 3 கொழுப்பு சாளையிலும் (மத்தி) அயிலையிலும் (கானாங்கெளுத்தி) நிறைய, விலையும் குறைவு. தேங்காய், மிளகாய், மல்லி, மஞ்சள், சின்ன உள்ளி அரைத்து, புளி கரைத்து ஊற்றி, மாங்காய்த் துண்டு போட்டு மண்சட்டியில் புளிமுளம். மீனைப் போட்டபின் கரண்டி கூடாது, சட்டியைச் சுற்றி அசைத்தால் போதும், சாளை உடைந்துவிடும். பொரிக்கும் எண்ணெய் மிச்சம். தேங்காயை அறவே ஒதுக்கச் சொல்லும் பட்டியல்களை நான் மதிக்கவில்லை, பாதியாக்கிக்கொண்டேன்.

இதற்கும் ஒரு அளவு உண்டு. முடக்குவாதத்தில் மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் வலியும் காலை இறுக்கமும் ஓரளவு குறைந்தன. ஆனால் பலவற்றில் கொடுத்த ஒமேகா 3 நாளுக்கு 3 கிராம் அளவு. 100 கிராம் சாளையில் கிடைப்பது சுமார் ஒன்றிரண்டு கிராம். வாரத்தில் சில நாள் மீன் சாப்பிட்டு, ஆய்வில் கொடுத்த மீன் எண்ணெயின் பலனை எதிர்பார்க்க முடியாது.

தக்காளி, கத்தரிக்காய் ஆகாது என்று பலர் பயமுறுத்தினார்கள். இரண்டு வாரம் நிறுத்தி, திரும்பச் சாப்பிட்டுப் பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அதனால் அவை திரும்ப வந்துவிட்டன.

இப்போது சி.ஆர்.பி. 6, இ.எஸ்.ஆர். 30. ரத்தசோகை இருந்தாலே இ.எஸ்.ஆர். கூடும், எனக்கு அதுவும் உண்டு. எடை ஆறு கிலோ குறைந்திருக்கிறது. இதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, சாப்பாட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மாத்திரைக்குத்தான் பெரிய பங்கு என்பது என் கணிப்பு. மெத்தோட்ரெக்சேட் அளவை டாக்டர் கொஞ்சம் குறைத்திருக்கிறார், நிறுத்தவில்லை.

சைவம் சாப்பிடும் தோழி மீனுக்குப் பதில் என்ன என்று கேட்டாள். ஆளிவிதையில் ஒமேகா 3 உண்டு, ஆனால் அது வேறு வகை. மீனில் உள்ள வகையாக நம் உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் மாற்றிக்கொள்ளும். பாசியிலிருந்து எடுத்த எண்ணெய் கேப்சூலாகக் கிடைக்கிறது, விலைதான் அதிகம். அவள் முதலில் பரோட்டாவை விட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறாள்.